மொச்சைக்குப் பச்சைக் கறி

முருகன் துணை

கெலாங் பாத்தா
மாசி மாதக் கடைசி, வியாழக்கிழமை

மகாலட்சுமிக்கு ஒப்பான மருமகள் ஷர்மினிக்கு, உன் அத்தை சந்திரமதி ஆசியோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், நீ விட்டுச் சென்ற நாயும், நீங்கள் இருவரும் வராததால் அழுக்கே ஆகாத முன்னறையும் நலம். அங்கே சிங்கப்பூரில் நீயும் ஜீவனும் நலமாக இருக்க வேண்டும் என்று காலை விளக்கிலும் மாலை விளக்கிலும் கேட்டுக்கொள்கிறேன். முருகனும் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வாட்ஸாப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போன தடவை ஜீவன் பேசும்போது, "அம்மா, நீங்க அனுப்புற வாய்ஸ் எல்லாம் ரெண்டு மடங்கு வேகத்துல போட்டுத்தான் கேக்குறோம், பஸ்ல நேரம் இல்லலா" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்லாத பிள்ளை, அது என் வளர்ப்பு. ஆனால் அன்று முழுக்க என் குரல் இரண்டு மடங்கு வேகத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அணில் அழுவது போல இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். கடிதத்தை யாரும் அப்படி ஓட்ட முடியாது. நீ தமிழ்ப்பள்ளியில் பரிசு வாங்கியவள், தடங்கல் இல்லாமல் வாசிப்பாய். நான் ரெங்கம் பக்கத்துத் தோட்டப் பள்ளியோடு நின்றவள். மற்றதெல்லாம் கோயில் மலரையும், பலசரக்கு சுற்றி வந்த பழைய தாளையும் பார்த்து நானாகப் படித்துக்கொண்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கணக்கில் இருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். உன் நாய்க்குப் பச்சைக் கறி கொடுப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லியிருந்தாய். சிகாமட்டில் உன் தோழி ஜெரால்டின் அவனை எடுத்துக்கொள்ளத் தயார், அவள் வீட்டு நாய்கள் எல்லாம் பச்சைக் கறிதான் தின்கின்றன, மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் அத்தை என்று எழுதியிருந்தாய். மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாய். அதற்கு நான் கட்டை விரல் படம் அனுப்பினேன். அது சம்மதம் இல்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல், நீங்கள் எனக்கு அனுப்புவதையே திருப்பி அனுப்பினேன். முடிவைச் சொல்வதற்கு முன் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், பிறகு அத்தை மறைத்துவிட்டாள் என்ற பேச்சு வேண்டாம்.

உங்கள் வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்றதும், தீபாவளி முடிந்த கையோடு இவனை இங்கே கொண்டுவந்து விட்டீர்கள். நீ இவனுக்கு ஜப்பான்காரர்கள் தின்கிற ஏதோ மாவு உருண்டையின் பெயரை வைத்து மோச்சி என்று கூப்பிட்டாய். நானும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அது வாயில் நாளாக நாளாக மொச்சையாகிவிட்டது, இப்போது மோச்சி என்றால் அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் கார் எடுத்துப் போன பிறகு கேட்டுக்கு முன்னால் படுத்தவன் படுத்தவன்தான். அப்புறம் சொறிய ஆரம்பித்தான். அந்த வெள்ளைச் சடையெல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, முதுகில் புண் வந்து, வீடு முழுக்கப் பஞ்சு மெத்தை கிழிந்தது போல ஆனது. நாய் டாக்டரிடம் கொண்டு போனேன். சாப்பாட்டில் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சொன்னார். அதை உனக்குச் சொன்னேன். அடுத்த நாளே நீ அந்த அட்டவணையை அனுப்பினாய்.

ஷர்மினி, அந்த அட்டவணையைக் குறை சொல்லவில்லை. நல்ல வண்ணத்தில் இருந்தது. கறி இவ்வளவு, எலும்பு இவ்வளவு, ஈரல் இவ்வளவு என்று பங்கு பிரித்து, எதையும் வேகவைக்கக் கூடாது, உப்புக் கூடாது, மசாலா கூடாது என்று சிவப்பில் போட்டிருந்தாய். நான் கணக்கில் சரியாக இருப்பவள். ஆனால் கோழியின் உடம்பு உன் அட்டவணையைப் பார்த்துச் செய்யப்படவில்லை, ஒரு கோழிக்கு ஒரு ஈரல்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், மாமா இறந்த பிறகு இந்த வீட்டுக்குள் கறி வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். நான் கல்யாணத்துக்கு முன்பே சைவம். மாமா இருந்தவரை அவருக்காகச் சமைத்தேன், அவர் போனதும் அந்தச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கோயில் குருக்களிடம் போய் இந்த மாதிரி விஷயம் என்று கேட்டேன். பைரவருக்கு வாகனமாச்சே என்று ரொம்ப நேரம் யோசித்தவர், கடைசியில், "அம்மா, உங்க விரதம் உங்களுக்கு, அதோட பசி அதுக்கு. கைய நல்லா கழுவிட்டு விளக்கேத்துங்க, போதும்" என்றார். தைப்பூசம் முடிந்து மறுவாரம் ஆரம்பித்தேன்.

பாசாரில் கோழிக்கடை வைத்திருக்கும் கிழவரை உனக்குத் தெரியும், மாமாவோடு எப்போதும் சிரித்துப் பேசிய சீனர். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் போய் நின்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். கழுத்தும் ஈரலும் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு மலாயில் சொன்னேன். சாமி அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று பக்கத்துக் கடை மீன்காரரிடம் கேட்டார். எனக்கில்லை, நாய்க்கு என்றேன். ஆமாம் ஆமாம், எல்லாரும் நாய்க்கு என்றுதான் சொல்வார்கள் என்று தலையாட்டிக்கொண்டே, யாரும் பார்க்காதபடி இரண்டு பை போட்டுக் கட்டிக் கொடுத்தார். அடுத்த வாரம் அந்தப் பேச்சு கோயிலுக்கும் வந்துவிட்டது, என்னோடு பூஜைக்கு வரும் யோகேஸ்வரி என்னைப் பார்த்து, உடம்புக்குச் சத்து வேணும்தானே அக்கா, தப்பே இல்ல என்று ஆறுதல் சொன்னாள். அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் எங்கே வைப்பது? ஐஸ் பெட்டியில் அபிஷேகப் பாலும் பஞ்சாமிர்தமும் இருக்கின்றன. அதனால் மீன்காரரிடம் ஒரு வெள்ளைப் பெட்டி வாங்கி, ஐஸ் போட்டு, பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் வைத்தேன். அப்புறம் கணக்கு. என் கணக்குப் புத்தகத்தில் கோயில், பலசரக்கு, மருந்து, ஜீவன் என்று தலைப்புகள் உண்டு. கறி என்ற தலைப்பு கிடையாது. புதிதாக எழுத மனசு வரவில்லை. மருந்து என்ற தலைப்பின் கீழ் கோழிக் கழுத்து என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த மஞ்சள் விஷயம். மொச்சையின் வாயெல்லாம் மஞ்சளாக இருக்கிற படத்தை நான் அனுப்பியதும், நீ மஞ்சள் காமாலை என்று பயந்து, வேலை நேரத்தில் டாக்டருக்குப் போன் போட்டு, ஜீவனை அழவைத்து, என்னை டாக்சி பிடித்து ஓடவைத்தாய். டாக்டர் இவன் கண்ணைத் திறந்து பார்த்து, நாக்கை இழுத்துப் பார்த்து, கடைசியில் மூக்கை மோந்து பார்த்துவிட்டு, ஆண்ட்டி, கறியை எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். எதில் கழுவுவார்கள்? மஞ்சளில்தான். கறி என்று கைக்கு வந்தால் மஞ்சள் போட்டுக் கழுவாமல் எந்தத் தமிழச்சியின் கை சும்மா இருக்கும்? மசாலா கூடாது என்று நீ போட்டிருந்தாய், கழுவக் கூடாது என்று போடவில்லை. மாமாவுக்குக் கழுவிய கை, தானாகப் போய் மஞ்சள் டப்பாவைத் திறந்துவிட்டது. அன்று அவன் செய்ததெல்லாம், அந்தத் தட்டில் மூக்கை விட்டுத் துழாவிவிட்டு, ஒன்றையும் தொடாமல், என் முகத்தைப் பார்த்ததுதான். வேண்டாததில் நீயும் என்னைப் போல் மாட்டிக்கொண்டாயே என்கிற மாதிரி ஒரு பார்வை.

மஞ்சள் கதை உனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் நடந்தது தெரியாது. இந்த வீட்டில் எதைப் பரிமாறினாலும் முதல் பிடி காக்கைக்கு. மாமா போன நாளிலிருந்து ஒரு காலைகூட நான் இதைத் தவறவிட்டதில்லை. பின் சுவரில் சோறு வைத்துவிட்டுக் கூப்பிடுவேன், ஒரு காக்கை வரும், ஒரே காக்கைதான், இடது இறக்கையில் ஒரு சிறகு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மாமாவின் சட்டைக் காலர் மாதிரி. வந்து சாம்பார் சோற்றை இரண்டு கொத்து கொத்திவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கும். வேண்டா வெறுப்பாக இன்னொரு கொத்து. அப்புறம் பறந்துவிடும். மாமாவும் வெள்ளிக்கிழமைகளில் இப்படித்தான் சாப்பிடுவார், அதனால் நான் வித்தியாசமாக நினைத்ததில்லை. ஒரு நாள் மொச்சையின் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகும்போது, பழக்க தோஷம், யோசிக்கவே இல்லை, மஞ்சளில் கழுவிய ஒரு கழுத்தைச் சுவரில் வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிட்டுவிட்டேன்.

காக்கை வந்தது. பார்த்தது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. மறுபடியும் கழுத்தைப் பார்த்தது. ஷர்மினி, நான் சொன்னால் நம்புவாயோ மாட்டாயோ, அந்தக் காக்கை இத்தனை வருஷத்தில் முதன்முறையாக முகத்தைத் திருப்பவில்லை. சுவரிலேயே வைத்துக் கொத்திக் கொத்தி, முடித்ததும் அலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுவரில் தேய்த்துத் துடைத்துக்கொண்டது. மாமா சாப்பிட்டு எழுந்தால் மீசையை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, "இன்னிக்குப் பரவால்ல" என்பார். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அது ஒன்றுதான். நான் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மொச்சை வந்து என் காலடியில் படுத்துக்கொண்டான், அவனும் காக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் அது தனியாக வரவில்லை. உறவுக்கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. மாமாவின் குணம்தான், சம்பள நாளில் ஒருத்தரைக் கூப்பிட்டால் பின்னாலேயே ஒரு லோரி ஆட்கள் வருவார்கள். சுவர், கம்பி, துணிக்கொடி எல்லாம் கறுப்பாக இருந்தது. மொச்சை ஓடிப்போய்த் துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டான், இழுத்தாலும் வரவில்லை. அந்தச் சண்டையில் ஒரு காக்கை ஒரு கழுத்தைத் தூக்கிக்கொண்டு பறந்து, பாரம் தாங்காமல் போட்டுவிட்டது. எங்கே போட்டது என்று கேள். பக்கத்து வீட்டு டொரத்தியின் வாசற்படியில்.

டொரத்தியை நீ பார்த்திருக்கிறாய், கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாப்டாச்சா என்பார்கள், நான் ஆச்சுங்க என்பேன், இத்தனை வருஷத்தில் அதுதான் எங்கள் பேச்சு. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் வீட்டு மசாலா வாசம் பூஜை அறைக்குள் வருகிறதென்று நான் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியவள், திறக்கவே இல்லை. அன்று அவர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமையாம். நெற்றியில் சாம்பல் வைத்துக்கொண்டு, மனசெல்லாம் பக்தியாக, சர்ச்சிலிருந்து திரும்பி வருகிறார்கள். வாசலில் மஞ்சள் பூசிய ஒரு கோழிக் கழுத்து கிடக்கிறது. மேலே கம்பி முழுக்கக் காக்கைகள் உட்கார்ந்து கத்துகின்றன. நீயாக இருந்தால் என்ன நினைப்பாய்? டொரத்தி அதைத்தான் நினைத்தார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று வெளியே நின்றபடியே ஜெபம் சொல்ல ஆரம்பித்து, வீட்டுக்காரர் ரோலண்ட் உள்ளே இருந்து தீர்த்த பாட்டிலை எடுத்துவந்து தெளிக்க, அந்தத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

நான் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த அம்மா தன் வீட்டுக்குள்ளேயே போகப் பயந்து நின்றதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. போய், "டொரத்தி, அது செய்வினை இல்லங்க. அது எங்க நாயோட காலச் சாப்பாடு" என்றேன். அவர்கள் கழுத்தைப் பார்த்தார்கள், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்கள்.

"அப்ப மஞ்சள்?"

"கழுவுனேன்."

"நாய்க்கா?"

"கை கழுவிடுச்சுங்க."

டொரத்தி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். முதலில் அழுகிறார்கள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் எப்போது சிரிக்க ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ரோலண்ட் தீர்த்த பாட்டிலை மூடவும் தெரியாமல், தெளிக்கவும் தெரியாமல் நின்றார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை. காக்கைக்கு இதை வைப்பதை இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று டொரத்தியிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து கறி அவர்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் இருக்கிறது. நாற்பது நாளைக்கு அவர்கள் வீட்டில் கறி கிடையாது, மீன்தான், இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்று அவர்களாகவே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலையில் வெட்டி, சுவருக்கு மேலே நீட்டுவார்கள். நீட்டும்போதெல்லாம், "பாவம்லா இந்த நாய், ஒரு சோம்பாச்சும் போடலாம்" என்று ஒரு புலம்பல். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். அவர்கள் கூப்பிட்டால் கேட்க வசதியாக இருக்கிறது, அதற்காகத்தான்.

இப்போது மொச்சையின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் பின்பக்கம் வைக்கிற தட்டு பளிச்சென்று காலியாகிவிடுகிறது, கழுவக்கூட வேண்டியதில்லை. வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம் தவிர மற்ற நாள்களில் உன் அட்டவணை தவறியதில்லை. புண் ஆறிவிட்டது. முதுகில் குட்டி குட்டியாகப் புது முடி வந்திருக்கிறது, பஞ்சு மாதிரி. சொறிவது நின்றுவிட்டது. ஒன்று மட்டும் கண்டுபிடித்தேன், அதை ஜெரால்டினிடம் சொல்லிவிடு: இவன் தனியாகச் சாப்பிட மாட்டான். தட்டை வைத்துவிட்டு நாம் நகர்ந்தால், அவனும் நகர்ந்து கேட்டுக்கு முன்னால் போய்ப் படுத்துக்கொள்கிறான். பக்கத்தில் ஒரு ஆள் தரையில் உட்கார்ந்து, தன் தட்டையும் வைத்துக்கொண்டு சாப்பிட்டால்தான் அவனுக்குப் பசிக்கிறது. நீங்கள் போனதிலிருந்து நான் சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவிவிடுவேன், ஒரு ஆளுக்கு எதற்கு உட்கார்ந்து சாப்பாடு என்று. இப்போது இவனுக்காக உட்கார வேண்டியிருக்கிறது. முட்டி வலிக்கிறது. எழுந்திருக்கும்போது இவன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறேன், அவனும் அசையாமல் நின்று கொடுக்கிறான். ஜெரால்டின் வீட்டில் நாய்கள் நிறைய இருப்பதால் அவனுக்குச் சாப்பாட்டுத் துணைக்குக் குறை இருக்காது.

சரி, முடிவு. ஜெரால்டின் வரட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. அவன் உன் நாய், கல்யாணத்துக்கு முன்பே உன்னோடு இருந்தவன், என்னிடம் பார்த்துக்கொள்ளத்தான் கொடுத்தாய். அவன் போனால் எனக்கும் எவ்வளவோ சௌகரியம். கோயிலில் பூஜை முடிகிற வரை நிதானமாக இருக்கலாம், இவன் காத்திருப்பான் என்று பாதியில் ஓடி வர வேண்டாம். ரெங்கத்தில் தங்கச்சி ராஜம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போகலாம், அவள் கூப்பிடவில்லை, ஆனால் போகலாம். வெள்ளை முடி ஒட்டாத புடவை கட்டலாம். சாயங்காலம் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும்போது யாரும் என் காலில் தலையை வைத்து மரத்துப்போகச் செய்ய மாட்டார்கள். நீங்கள் வரும் வண்டிச் சத்தம் போல ஏதாவது கேட்டால், யாரும் என்னை முந்திக்கொண்டு கேட்டுக்கு ஓட மாட்டார்கள். அவனுடைய கிண்ணம், சீப்பு, நீ கொடுத்த நீலப் போர்வை எல்லாவற்றையும் துவைத்து, துடைத்து, ஒரு பையில் போட்டு வாசலில் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் அவன் அந்தப் பையின் மேல்தான் தூங்குகிறான்.

ஜீவனிடம் வேளைக்குச் சாப்பிடச் சொல். பஸ்ஸில் தூங்கும்போது பையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல். உங்கள் இருவருக்கும் நோய் நொடி இல்லாமல், வேலையில் உயர்வோடு, அடுத்த தைப்பூசத்துக்குள் மூன்று பேராக வந்து பால்குடம் பார்க்கிற பாக்கியத்தை முருகன் கொடுக்கட்டும். உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், நாய் கூடாது என்ற அந்த வாடகை வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தில் பாதியையும் சொல்.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் எப்போதும் நினைத்திருக்கும்
சந்திரமதி செல்லப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு, ஒட்டுவதற்கு முன் இன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. என் கட்டை விரலை நீ சம்மதம் என்றே எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது, ஜெரால்டின் இன்று காலையே வந்துவிட்டாள். நல்ல பெண். கிருஷ்ணம்மா கடை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கார் தெருவுக்குள் திரும்பிய சத்தம் கேட்டதும், பையைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் எழுந்தேன். கால்கள் என்னவோ மொச்சையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய், அவனைச் சுவருக்கு மேலே டொரத்தி கையில் கொடுத்துவிட்டன. அவன் கனமான நாய், எப்படித் தூக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜெரால்டினை முன்னறையில் உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, நாய் ரெங்கத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறது என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அதற்குள் டொரத்தி ஒன்றும் தெரியாதவர்கள் போல வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து இவன் குரைத்தான். ஜெரால்டின் கிளாசை வைத்துவிட்டுப் பார்த்தாள். டொரத்தி கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "அது எங்க வீட்டுக்காரர் ரோலண்ட்மா. நேத்துலேர்ந்து இருமல்" என்றார்கள். மறுபடியும் குரைத்தான். "நெஞ்சு சளி" என்றார்கள். தவக்காலத்தில் சொன்ன பொய்க்கு அவர்கள் சர்ச் சாமியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கப் போகிறார்கள், நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன்.

ஜெரால்டின் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். வாசலில் அந்தப் பையைப் பார்த்தாள், அதன் மேல் இருந்த வெள்ளை முடியைப் பார்த்தாள், உள்ளே தரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தட்டுகளையும் அவற்றில் ஒட்டியிருந்ததையும் பார்த்தாள். செருப்பைப் போடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, ரோலண்ட் அங்கிளுக்குப் பூசணிக்காயும் பருப்பும் நல்லதுதான். மீன் குடுத்தா முள்ளு எடுத்துட்டுக் குடுங்க. உப்பு மட்டும் போடாதீங்க. தடுப்பூசிக்கு மறக்காம கொண்டு போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவள் உனக்கு என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மேலே நான் ஒரு பொய்யும் எழுதவில்லை. மறுபடியும் எடுத்துப் படித்துப் பார். தட்டு காலியானது என்று எழுதினேன், மொச்சை தின்றான் என்று எங்கேயும் எழுதவில்லை. முதல் நாள் மூக்கை விட்டுத் துழாவியதோடு சரி, அவன் உன் அட்டவணையைத் தொடவே இல்லை. என்னோடு உட்கார்ந்து பூசணிக்காயும் பருப்பும் சோறும் சாப்பிடுகிறான், டொரத்தி முள் எடுத்த மீனைச் சுவருக்கு மேலே கொடுக்கிறார்கள். எதனால் புண் ஆறியது என்று டாக்டருக்கே தெரியவில்லை. உனக்குக் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள், அவனைக் கொண்டுபோக வராதீர்கள், உட்கார்ந்து சாப்பிட வாருங்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு முன்னறையைக் கூட்ட வேண்டியிருக்கும்.

காக்கைக்கு வைப்பதை விட்டுவிடுகிறேன் என்று டொரத்தியிடம் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன், அதுவும் உண்மை, சொன்னேன். விடவில்லை. டொரத்தியே இப்போது சின்னச் சின்னத் துண்டாக வெட்டித் தருகிறார்கள். அப்படி வெட்டினால் தூக்கிக்கொண்டு பறக்க முடியாது, நின்று சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். மற்ற காக்கைகளை மொச்சை குரைத்துத் துரத்திவிடுகிறான், சட்டைக் காலர் நீட்டிய அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறான். கணக்குப் புத்தகத்திலும் அந்தச் செலவை மருந்திலிருந்து அடித்துவிட்டு, அவர் பெயரில் எழுதிவிட்டேன். யாராவது உன்னிடம், உங்க அத்தை சைவம்தானே, பாசாரில் யாருக்குக் கோழிக் கழுத்து வாங்குகிறாள் என்று கேட்டால், நாய்க்கு என்று சொல்லிவிடு.